பொருளைக் காப்பது எது?



தொலைவில் உள்ள ஒருவருக்கு ஒரு பொருளை உடையாமல் அனுப்புவது எப்படி என்பது வணிகருக்கு மட்டும் உரிய கேள்வி என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். இன்று அது வீட்டுக்கு வீடு எழும் கேள்வியாகிவிட்டது. எங்கள் இலுப்பூர் போன்ற சிற்றூர்களிலும் நாள்தோறும் பொட்டலங்கள் வாயிற்படியில் வந்து இறங்குகின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பொருள் உள்ளங்கை அளவுதான். அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளோ ஒரு முறம் கொள்ளாது. பொருள் வீட்டுக்குள் செல்கிறது; தாள் குப்பைக்குச் செல்கிறது. ஆடி மாதக் காற்று அதனை எடுத்துக் குளக்கரையில் சேர்க்கிறது. மேய வரும் பசு அதனையும் சேர்த்து மேய்கிறது. சில நாள் பயணத்துக்காகச் செய்யப்பட்ட உறை, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணில் மக்காமல் கிடக்கப் போகிறது. இந்தப் பொருத்தமின்மையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், ஒரு பொருள் ஏன் உடைகிறது என்பதைப் பார்ப்போம். கீழே விழுவதால் உடைகிறது என்பீர்கள். உண்மையில், விழுந்த பொருள் திடீரென்று நிறுத்தப்படுவதாலேயே உடைகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கண்ணாடிக் குவளை கல் தரையில் மோதி ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், அது தாங்க வேண்டிய சராசரி விசை அதன் எடையைப் போல் ஏறத்தாழ 1,000 மடங்கு ஆகும். அதே குவளை, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் மெத்தையின்மேல் விழுந்தால், ஏறத்தாழ 20 மடங்கு விசையே அதனைத் தாக்கும். ஆகவே, பொருளைக் காப்பது கெட்டியான சுவர் அன்று. மெல்ல விட்டுக்கொடுக்கும் தன்மையே.

விட்டுக்கொடுக்கும் அத்தன்மை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காற்றிலிருந்து வருகிறது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆல்பிரட் பீல்டிங், மார்க் ஷவான் என்னும் இருவர் சுவரில் ஒட்டும் புதுவகைத் தாள் ஒன்றைச் செய்ய முயன்று, இரண்டு பிளாஸ்டிக் தாள்களை இணைத்தனர். இடையே காற்றுக் குமிழிகள் அடைபட்டன. சுவர்த்தாளாக அதனை வாங்குவார் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின், ஐ.பி.எம். நிறுவனத்தின் 1401 என்னும் கணிப்பொறியைப் பொதிந்து அனுப்ப அது பயன்பட்டது. அதன் பிறகே உலகமெங்கும் பரவியது. தெர்மோகோல் என்று நாம் வழங்கும் வெண்ணிறப் பொருளோ, பருமனில் நூற்றுக்கு 98 பங்கு காற்றே ஆகும். அப்படியானால் நம் பொருளைக் காப்பது காற்று; பிளாஸ்டிக் அக்காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மட்டுமே. காற்றைப் பிடித்து வைக்க வேறு பை கிடைக்காதா என்று கேட்பது நியாயம் அன்றோ?

நம் முன்னோர் அதனை அறிந்தே இருந்தனர். மாம்பழத்தைக் கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கினர். வெற்றிலைக் கட்டை வாழைச் சருகில் பொதிந்தனர். கருப்பட்டியைப் பனையோலைப் பெட்டியில் அனுப்பினர். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில், பள்ளிச் சோதனைக்கூடத்துக்குரிய கண்ணாடிக் குடுவைகள் மரப்பெட்டிகளில் வைக்கோல் பொதிந்து வரும். குடுவைகளை எடுத்து அலமாரியில் வைத்த பின், அவ்வைக்கோல் பக்கத்து வீட்டு மாட்டுக்குத் தீவனமாயிற்று. மரப்பெட்டி தோட்டக் கருவிகள் வைக்கும் பெட்டியாயிற்று. அன்று குப்பை என்று எறிவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

இவையெல்லாம் பழங்கதை, இக்காலப் பெருவணிகத்துக்கு ஒவ்வா என்று எவரேனும் சொல்வாராயின், அவரை நாமக்கல்லுக்கு அழைத்துச் செல்வேன். முட்டையைவிட எளிதில் உடையும் பண்டம் எது? அந்த முட்டை நாமக்கல்லிலிருந்து லாரிகளில் கேரளத்துக்குச் செல்கிறது; கப்பல் ஏறி வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறது. அதனைத் தாங்கிச் செல்வது பழைய காகிதத்தை நீரில் ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் படியவைத்து உலர்த்திய சாதாரணத் தட்டு. ஒரு தட்டில் 30 குழிகள். குழிகளுக்கு இடையே எழும் சிறு கூம்புகளைக் கவனித்துப் பாருங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகத் திருப்பி அடுக்கும்போது, மேல் தட்டின் பாரத்தை அக்கூம்புகளே ஏற்கின்றன. முட்டையின்மேல் அது இறங்குவதில்லை. பொருளின் வடிவை அறிந்து உறையின் வடிவை அமைத்தால், நேற்றைய செய்தித்தாளும் காவலாகும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வழியில் உலகம் இன்று மேலும் சென்றிருக்கிறது. அலையலையாக மடித்த அட்டை 1871-இல் அமெரிக்காவில் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் பொதிவதற்காக உரிமம் பெற்றது. இன்று பெட்டிகளெல்லாம் அதனாலேயே ஆகின்றன. தேங்காய் நாரோடு இரப்பர்ப்பால் சேர்த்துச் செய்யும் மெத்தை, கனமான கருவிகளைத் தாங்கவல்லது. மாவுப்பொருளைப் பொரியைப் போல் பொரித்துச் செய்யும் திணிப்புத் துண்டுகள், பயன் முடிந்த பின் நீரில் கரைந்துவிடுகின்றன. நியூயார்க் மாநிலத்தில் 2007-இல் தோன்றிய எக்கோவேட்டிவ் என்னும் நிறுவனம், வேளாண் கழிவை அச்சில் இட்டு, அதில் காளானின் வேரிழைகளைச் சில நாள் வளரவிட்டு, பின்பு சூடேற்றி வளர்ச்சியை நிறுத்தி உறை செய்கிறது. 2011-இல் டெல் நிறுவனம் தன் கணிப்பொறிகள் சிலவற்றை அவ்வுறையில் அனுப்பியது. நம் நாட்டிலும், அமேசான் நிறுவனம் தன் பண்டகசாலைகளில் ஒருமுறைப் பிளாஸ்டிக் உறைகளை நீக்கிவிட்டதாக 2020-இல் அறிவித்தது. குமிழித் தாளின் இடத்தில் கசக்கிய காகிதத் திணிப்பு வந்தது.

ஆனால், மாணவர்களே, நல்ல காரியத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாகாது. ஒவ்வொரு மாற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. வைக்கோலில் பூச்சி முட்டைகளும் பூஞ்சைக் காளானும் தங்கும். ஆகையால் வைக்கோல் பொதிந்த சிப்பங்களை ஆஸ்திரேலியா தன் எல்லைக்குள் விடுவதில்லை. மாவுத் துண்டுகள் மழைக்காலத்தில் ஈரம் ஏற்றுக் குழையும், எலியையும் அழைக்கும். மக்கும் பிளாஸ்டிக் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பல, ஏறத்தாழ 58 பாகை வெப்பத்தில் நடத்தும் உரக்கூடங்களில்தான் மக்கும். குளக்கரையில் எறிந்தால் அவையும் நெடுநாள் கிடக்கும்.

காகிதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனை நம் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாலையின் இரு மருங்கிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிற்கும் தைல மரங்கள் காகித ஆலைகளுக்காகவே வளர்க்கப்படுகின்றன. அவை நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன, குளங்களுக்கு வரும் நீரைக் குறைக்கின்றன என்று எம் பகுதி உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். எங்களுக்கு அண்மையிலுள்ள மணப்பாறை வட்டம் மொண்டிப்பட்டியில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன் அட்டை செய்யவல்ல ஆலையை 2016-இல் தொடங்கியது. அதே நிறுவனம் கரூரை அடுத்த காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து புகழ் பெற்றது. மரத்தை வெட்டிச் செய்த காகிதமா, சக்கையிலிருந்தும் பழைய தாளிலிருந்தும் செய்த காகிதமா என்பது இலுப்பூர்க் கிணற்றின் நீர்மட்டத்தோடு தொடர்புடைய கேள்வி என்பதை மறவாதீர்கள். பிளாஸ்டிக்கை விலக்கினோம் என்னும் மகிழ்ச்சியில், தேவைக்கு மேல் அட்டையைச் செலவழிப்பதும் தவறே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறையைக் குறைத்து, உள்ளிருக்கும் பொருளை உடையவிட்டால், அதனைச் செய்யச் செலவான உழைப்பும் எரிபொருளும் வீணாகின்றன. அது சிக்கனம் ஆகாது. எனவே, ஒரு சிப்பத்தைக் கட்டும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டி பொருளின் அளவுக்கு ஏற்றதா? திணிப்பு பொருளைக் காக்குமா? அத்திணிப்பு எதிலிருந்து வந்தது? பெறுபவர் வீட்டில் அது என்னவாகும்? முதற்கேள்விக்கு ஒழுங்காக விடை கண்டாலே திணிப்பு பாதியாகக் குறைந்துவிடுவதைப் பலமுறை காணலாம்.

இதனைச் சொல்லால் நம்ப வேண்டா, சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள நான்கு அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை வைத்து, ஒன்றில் வைக்கோல், ஒன்றில் கசக்கிய பழைய செய்தித்தாள், ஒன்றில் தேங்காய் நார், ஒன்றில் குமிழித் தாள் இட்டு மூடுங்கள். ஒரே உயரத்திலிருந்து விழச் செய்து, எது தாங்கிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு திணிப்புகளிலும் ஒவ்வொரு பிடி எடுத்துத் தோட்டத்து மண்ணில் புதைத்து, நாள்தோறும் நீர் தெளித்து, ஆறு திங்கள் கழித்துத் தோண்டிப் பாருங்கள். முதற்சோதனை பயணத்தைப் பற்றியது. இரண்டாம் சோதனை பயணத்துக்குப் பின் வரும் நெடுங்காலத்தைப் பற்றியது. வணிகம் இதுவரை முதற்சோதனையை மட்டுமே நடத்தி வந்தது. இரண்டாவதையும் நடத்திப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், குவளை, தட்டு, கைப்பை போன்ற பல பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடைத்தெருவரை வந்திருக்கிறது. அஞ்சலில் வரும் பொட்டலத்தின் உட்புறத்தைப் பெரும்பாலும் அனுப்புவோரின் அறிவும் பெறுவோரின் விருப்புமே தீர்மானிக்கின்றன. உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம், சிலர் வணிகராகலாம், எல்லோரும் ஏதேனும் ஒரு பொருளை எவருக்கேனும் அனுப்பத்தான் போகிறீர்கள். அப்போது பொருள் முழுமையாகப் போய்ச் சேர்வதோடு, அதைச் சுற்றிச் சென்ற உறையும் மண்ணுக்கோ மறுபயனுக்கோ போய்ச் சேருமாறு கட்டுங்கள்.