தெரியாதவரிடம் கேட்பது



வாசலில் உங்கள் கையில் தந்த நம் சங்கத்தின் விழா மலரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாழ்த்துச் செய்திகளைத் தாண்டினால் பாதிக்கு மேல் விளம்பரங்கள். வீடு வாங்கலாம், மோட்கேஜ் எடுக்கலாம், தாலிக்கொடி செய்யலாம், மண்டபம் பிடிக்கலாம், காப்புறுதி போடலாம். நேற்று ரொறன்ரோவில் வந்திறங்கிய ஒருவர் இந்த மலரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கலியாணத்தையே நடத்திவிட முடியும். ஆனால் மறதி நோய் கண்ட தாயைப் பகலில் எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்பதற்கு இதில் விடை கிடையாது. இது மலர்க் குழுவின் குற்றமன்று. காசு வாங்காத சேவையிடம் விளம்பரத்துக்குக் கொடுக்கவும் காசு இருப்பதில்லை. நம்முடைய வணிகக் கையேடுகள், வானொலிகள், தொலைக்காட்சிகள் எல்லாம் விளம்பர வருவாயில் நிற்பவை. ஆகவே இலவசமாகக் கிடைப்பவற்றின் குரல்தான் நமக்குள் மிகவும் மெலிந்து கேட்கிறது. தகவல் தருவதையே நோக்கமாகக் கொண்டு 1991 முதல் வெளிவந்த ‘தமிழர் தகவல்’ போன்ற முயற்சிகளை நன்றியோடு விலக்கிவைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த இடைவெளியை இதுவரை நிரப்பி வந்தது வாய்மொழி. “ஆரையாவது தெரியுமோ?” என்பது நம்மவரின் முதல் கேள்வி. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் கரை சேர்ந்தபோது, அவர்களுக்கு வழிகாட்ட இங்கே தமிழில் எழுதிய கையேடு எத்தனை இருந்திருக்கும்? அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு நிலக்கீழ் அறை, தொழிற்சாலை வேலை, முதல் பனிக்காலக் கோட்டு என்று எல்லாவற்றையும் தேடித் தந்தது ஊர்க்காரர், பள்ளித் தோழர், ஒன்றுவிட்ட சகோதரர் என்ற வலைதான். ஒரு சமூகம் காலூன்றியது அந்தக் கேள்வியின் பலத்தில். இன்றைக்கு நான் வைக்கும் வாதம் ஒன்றே ஒன்று. காலூன்ற உதவிய அதே கேள்வி, காலூன்றிய பின்பு வரும் துன்பங்களுக்கு உதவாது. சில வேளை கெடுதலும் செய்யும். அங்கே நாம் தெரியாதவரிடம் கேட்கப் பழக வேண்டும்.

சமூகவியலார் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பொஸ்ரனுக்கு அருகே நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னோர் ஏறத்தாழ 17 விழுக்காடுதான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது அரிதாகவே காண்பவரின் வழியாக வேலை பெற்றிருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே; புதுச் செய்தி தூரத்திலிருந்துதான் வரும். வேலைக்கே இப்படி என்றால், சொல்லக் கூசும் சங்கதிகளுக்கு என்ன ஆகும்? வேலை தேடுகிறவர் தன் தேவையை நாலு பேருக்குச் சொன்னால் அவருக்கு நல்லது. மகனின் மனநோயை, கணவனின் கையோங்கலை, கடனட்டைச் சுமையை, உணவு வங்கிக்குப் போகவேண்டி வந்ததை நாலு பேருக்குச் சொன்னால் அது செய்தியாகிவிடும். “அவை வெல்பெயர் எடுக்கினமாம்” என்ற ஒரு வரி ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது இந்த அவைக்குத் தெரியாததன்று. நம்முடைய வலை இறுக்கமானது. பாரத்தைத் தாங்குவதும் அந்த இறுக்கம்தான், இரகசியத்தைத் தப்பவிடாததும் அதேதான்.

இதில் மிகவும் அகப்பட்டுக்கொள்பவர்கள் பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோர். சட்டம் அவர்களை எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள். கியூபெக் தவிர்ந்த கனடாவில் பெற்றோரை அழைக்கும் பிள்ளை 20 ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார்; அந்தக் காலத்தில் பெற்றோர் சமூக உதவிப் பணம் பெற்றால் அதைத் திருப்பிக் கட்டும் கடமை அவருடையது. முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்கு 18 வயதின் பின் குறைந்தது 10 ஆண்டுகள் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 65 வயதில் வந்த தாய்க்கு அந்த விதிப்படி 75 வயதில்தான் கையில் சொந்தப் பணம் வரும். இடைப்பட்ட காலம் முழுக்கச் சாப்பாடு, மருந்து, பஸ் காசு எல்லாம் பிள்ளையின் கையால். நீண்டகால வருகையாளராகச் சுப்பர் விசாவில் வந்து நிற்பவருக்கு அரச மருத்துவக் காப்புறுதிக்கான ஹெல்த் காட்டும் இல்லை. குறைந்தது 100,000 டொலர் தனியார் காப்புறுதி எடுத்துத்தான் வரவேண்டும், அதிலும் பழைய நோய்களுக்கு எதை ஏற்கும் எதை ஏற்காது என்பது ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வீட்டில் எல்லாம் நன்றாக நடந்தால் குறையில்லை. நடக்காதபோது, அந்தத் தாய் யாரிடம் கேட்பார்? அவருக்குத் தெரிந்தவர் எல்லாரும் மகனுக்கும் தெரிந்தவர். கேட்டால் மகனின் மானம் போகும், ஒருவேளை தன்னால் அவனுக்குக் கடன் வரும் என்றும் பயப்படுவார். திருப்பிக் கட்டும் கடமை சமூக உதவிப் பணத்துக்குத்தான், ஆலோசனைக்கோ வைத்தியத்துக்கோ அல்ல என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. காப்புறுதி இல்லாதவரையும் பார்க்கும் சமூக சுகாதார நிலையங்கள் ஒன்ராறியோவில் உண்டு என்பதைச் சொல்லவும் ஆளில்லை.

அந்த ஆள் தொலைபேசியில் இருக்கிறார். 1997-இல் அமெரிக்காவின் அற்லாண்டாவில் தொடங்கிய ஒரு யோசனை, சமூக சேவைகளுக்கெல்லாம் 211 என்று மூன்று இலக்கத்தில் ஒரே எண் என்பது. கனடாவில் அந்த 211 முதலில் ஒலித்தது நம்முடைய ரொறன்ரோவில், 2002-இல். 2020-இல் நாடு முழுவதற்கும் பரவியது. ஒன்ராறியோவில் 24 மணி நேரமும் எடுக்கலாம், கட்டணம் இல்லை, பெயர் சொல்லாமலே பேசலாம். மறுமுனையில் இருப்பவர் மருத்துவர் அல்லர், சட்டத்தரணியும் அல்லர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன வயது, என்ன வந்தது என்று கேட்டு, உங்கள் முகவரிக்கும் தகுதிக்கும் பொருந்தும் சேவைகளைத் தேடித் தருவதே அவருடைய தொழில். தேகசுகம் பற்றித் தாதியிடம் கேட்க 811, தற்கொலை எண்ணம் வந்தால் 2023 நவம்பர் முதல் 988, குப்பை வண்டிக்கும் வீதிப் பள்ளத்துக்கும் ரொறன்ரோவில் 311. நம்மில் பலருக்கு 911 மட்டும்தான் மனப்பாடம். வீடு எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று படித்துக்கொண்டோம். வீட்டுக்குள் புகைந்தால் யாரை என்று படிக்கவில்லை.

உடனே எழும் மறுப்பு மொழி பற்றியது. ஆங்கிலம் தெரியாத அம்மா எப்படிப் பேசுவார்? நியாயமான கேள்வி. எடுத்தவுடன் வரும் குரல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கும். மிரண்டு வைத்துவிடத் தோன்றும். வைக்காமல் “தமிழ்” என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். உரைபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பில் சேர்ப்பார்கள். 150-க்கு மேற்பட்ட மொழிகளில் இந்த ஏற்பாடு உண்டு. சற்றுக் காத்திருக்க வேண்டும், உரையாடலும் இரட்டிப்பு நேரம் பிடிக்கும். பிள்ளையே மொழிபெயர்த்தால் சுலபமல்லவா என்பீர்கள். 2003-இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வுக்காகக் கிளென் புளோரசும் அவர் குழுவினரும் ஸ்பானிய மொழிக் குடும்பங்களின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரி 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். தொழில்முறை உரைபெயர்ப்பாளரும் பிழை விட்டார்கள்தான். ஆனால் கைக்கு அகப்பட்டவரை வைத்துச் செய்த பெயர்ப்பில் நோயாளிக்குத் தீங்காகக்கூடிய பிழைகளின் பங்கு கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு எண்ணாத பிழை ஒன்றையும் நான் சேர்ப்பேன்: நோயாளியே சொல்லாமல் விடுவது. பதினான்கு வயதுப் பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி தன் சிறுநீர்க் கோளாறை முழுதாகச் சொல்வார்? முகம் தெரியாத உரைபெயர்ப்பாளரிடம் அவரால் சொல்ல முடியும்.

அடுத்த மறுப்பு, எங்கட ஆக்களுக்கு எல்லாம் தெரியும், கேட்டால் சொல்வார்கள் என்பது. தெரியும்தான், ஆனால் எந்த ஆண்டு நிலவரம்? வீட்டுக்கு வந்து முதியவரைப் பராமரிக்கும் அரச சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு சி.சி.ஏ.சி. என்றார்கள். 2017-இல் அது லின் என்ற அமைப்புக்குள் போனது. 2021-இல் ஹோம் அண்ட் கொம்யூனிட்டி கெயர் சப்போர்ட் சேர்விசஸ் ஆனது. 2024-இல் ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம். ஏழு ஆண்டுக்குள் ஒரே கதவுக்கு நாலாவது பெயர்ப் பலகை. பத்து ஆண்டுக்கு முன் தன் தந்தைக்கு அலைந்து வழி கண்டவர் இன்று அன்போடு தரும் தகவல் பிழையாக இருக்கும், அது அவருக்கும் தெரியாது. 211-இன் தரவு ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்கப்படுகிறது. அப்படியானால் கூகுளில் தேடிக்கொள்ளலாமே என்று இளையவர்கள் நினைக்கலாம். தேடலாம். “ஹோம் கெயர்” என்று தட்டிப் பாருங்கள்; முதலில் வருபவை பெரும்பாலும் மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள். திரும்பவும் இந்த மலரின் கதைதான்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இனித்தான். முகவரி கிடைத்து என்ன, இடம் கிடைக்க வேண்டாமா? ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குக் காத்திருப்போர் 40,000-க்கும் மேல். நம் சாப்பாடும் மொழியும் கிடைக்கும் இல்லத்துக்கு இன்னும் நீளமான வரிசை. தகவல் ஒரு கட்டிலைக்கூட உண்டாக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விடயம். வரிசை நீளமானால் அதில் முன்கூட்டிப் போய் நிற்பதுதான் புத்தி. ஐந்து இல்லங்கள் வரை விருப்பம் குறிக்கலாம் என்பதை அறிந்தவர் அறியாதவருக்கு முன்னே நிற்கிறார். வேல்ஸின் சுரங்க ஊரொன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் சொன்னார்: நல்ல மருத்துவம் கிடைக்கும் அளவு, அதன் தேவைக்கு நேர்மாறாகவே அமைகிறது. தேவை அதிகமுள்ளவர் கையில்தான் நேரமும் சொல்லும் குறைவு. இரண்டாவது, 211-ஐ அழைத்துச் சேவை கிடைக்காமற் போனால் அதுவும் பதிவாகிறது. எந்தப் பகுதியில், எந்த மொழியில், எது கேட்டு எது இல்லை என்ற கணக்கு திட்டமிடுவோரின் மேசைக்குப் போகும். நாம் நமக்குள்ளேயே கேட்டு, நமக்குள்ளேயே இல்லை என்று தெரிந்துகொண்டால், அந்தக் கணக்கில் தமிழருக்குக் குறையே இல்லை என்றுதான் விழும்.

அப்படியானால் சங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். பமீலா ஹேர்ட், டொனால்ட் மொய்னிஹான் என்ற இரு அறிஞர்கள் 2018-இல் எழுதிய நூலில், அரச உதவி பெறப் போகும் குடிமகனின் சுமையை மூன்றாகப் பிரித்தார்கள்: இருப்பதைக் கண்டறியும் சுமை, படிவம் நிரப்பிச் சான்று காட்டும் சுமை, மனத்தில் வரும் கூச்சமும் அச்சமும். முதற் சுமையை 211 இறக்கிவைக்கும், இரண்டாவதற்கு உதவுவோரையும் காட்டும். மூன்றாவதை எந்தத் தொலைபேசி எண்ணாலும் இறக்க முடியாது. அது நம்மால் ஏற்பட்டது, நம்மால்தான் இறங்கும். இந்த மேடையில் ஒருவர் உரக்க “211” என்று சொல்வதே அதற்கு ஒரு தொடக்கம். சங்கம் தானே ஒரு சேவை நிலையமாக வேண்டாம். அப்படி ஆனால் செயலாளரின் மேசையில் எல்லா வீட்டு இரகசியமும் வந்து குவியும், நாம் எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதுவே நடக்கும். அடுத்த ஆண்டு மலரின் கடைசி அட்டையை எவருக்கும் விற்காமல், இந்த எண்களையும் “தமிழ்” என்று சொல்லவேண்டிய முறையையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். முதியோர் ஒன்றுகூடலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நோன்புக் கஞ்சிக்கும் பஜனைக்கும் நடுவே, ஒலிபெருக்கியில் ஓர் அழைப்பை எடுத்துக் காட்டுங்கள். ஏதேனும் சாதாரணக் கேள்வி போதும், இலவச வருமான வரிப் படிவ உதவி எங்கே கிடைக்கும் என்பது போல.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. இன்றிரவு அம்மாவின் கைத்தொலைபேசியில் 211 என்ற எண்ணைப் பதிந்து கொடுங்கள். என்ன பெயரில் பதிவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். முதல் முறை கூட இருந்து அழைக்கக் காட்டுங்கள். அடுத்த முறை அவர் அழைக்கும்போது, அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள்.