எண்ணும் நம்பிக்கையும்



நாம் வாழும் இந்தக் கேம்ப் பகுதியிலேயே, பூனா கிளப் மைதானத்தில், 1948 டிசம்பரில் பாவுசாகேப் நிம்பால்கர் ஆட்டமிழக்காமல் 443 ஓட்டங்கள் குவித்தார். பிராட்மன் 1930-இல் எடுத்த 452-க்கு ஒன்பதே குறைவு! எதிர்த்து ஆடிய கத்தியவார் அணி ஆட்டத்தைக் கைவிட்டது. டெஸ்ட் ஆட்டம் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிட்டவில்லை.

தலைக்கவசமற்ற அக்கால வீரரை இக்கால வீரரோடு எங்ஙனம் ஒப்பிடுவோம்? மட்டையும் ஆடுகளமும் காலத்தோடு மாறும். அவை இரு அணிக்கும் பொது. ஊக்கமருந்தோ ஒருவர் மட்டும் ஒளித்து வைக்கும் கள்ளப் படிக்கல். அதன் தடயத்தை மறைக்க வல்ல சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைக்காக 2003-இல் ஷேன் வார்னேக்கு ஓராண்டுத் தடை விதித்தனர்.

எண்ணை ஒப்பிடுமுன் அதனை நம்ப வேண்டும் அன்றோ? நம் பிள்ளைகள் ஈட்டும் எண்கள் சிறியனவாயினும் நம்பத்தக்கனவாய் விளங்குக!