குட்டிச்சாத்தானின் பெயர்



திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலே இரும்பும் எஃகும் உருக்கும் உலைகளின் அருகே வாழ்பவர் நீங்கள். நிக்கல், கோபால்ட் என்ற உலோகப் பெயர்கள் உங்கள் செவிக்குப் புதியன அல்ல. ஆங்கிலச் சொற்கள் என்றே எண்ணியிருப்பீர்கள். அல்ல, ஆங்கிலம் அவற்றை ஜெர்மன் மொழியிலிருந்து கடன் வாங்கியது. பொருள் கேட்டால் நகைப்பீர்கள்: இரண்டும் குட்டிச்சாத்தான்!

சாக்சனி மலைச் சுரங்கத் தொழிலாளி, வெள்ளி கிடைக்குமென்று தாதுவை உலையிலிட்டான். வெள்ளி வரவில்லை, நச்சுப்புகை வந்தது. 'கோபோல்ட்' என்னும் குறளி வெள்ளியைத் திருடிக்கொண்டு நஞ்சை வைத்துப் போனதாக நம்பினான். செந்நிறம் காட்டிச் செம்பு தராது ஏமாற்றிய மற்றொரு தாதுவைக் 'குப்பர்நிக்கல்', அதாவது செம்புப் பிசாசு என்று ஏசினான். 1730களில் சுவீடனின் பிராண்ட் கோபால்ட்டையும், 1751இல் அந்நாட்டுக் கிரான்ஸ்டெட் நிக்கலையும் தனி உலோகங்களெனக் கண்டனர். மூச்சை முட்டவைத்ததோ குறளியன்று. தாதுவிலே கலந்திருந்த ஆர்செனிக், நம்மூர்ப் பாஷாணம்!

அவனைக் கேலி செய்ய நான் வரவில்லை. அவனுக்கு உண்மையைச் சொல்வார் இல்லை. இன்றைக்கோ சொல்லத் தெரிந்தவர் உண்டு. ஆயினும், தொட்டிக்குள் இறங்கியவன் சுருண்டு விழுந்தால் காத்துக்கருப்பு என்று கூறி, பூசணிக்காய் உடைத்து, மறுநாளே வேலை தொடங்கினால் அது யாருக்கு வசதி? 1984இல் நிகழ்ந்த போபால் கொடுமைக்குப் பின், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஆலையிலுள்ள ஆபத்து இன்னதென்று தொழிலாளிக்கு அறிவிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. ஆகவே, நாளைக் காலை பீப்பாயில் கைவைக்குமுன் மேற்பார்வையாளரைக் கேளுங்கள்: இதனுள் இருப்பதன் பெயர் என்ன?