தோளில் இரண்டு நட்சத்திரம்

(எங்கள் கிளையில் நடந்த குடியரசு தினக் கூட்டத்தில் பேசியது)



குடியரசு தினத்தன்று ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டபோது தயங்கினேன். நான் பட்டாளத்தில் இருந்தவன் அல்ல. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு, 38 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் ராணுவ சுபேதார் ஒருவரிடம் நான் நடந்துகொண்ட விதம் நாற்பது வருஷமாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

1984-ஆம் வருஷம். ஜபல்பூரில் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஒரு பையனின் மதிப்பெண் பட்டியல் நகலில் ஒரு சுபேதார் சான்றொப்பம் இட்டிருந்தார். "சான்றளித்தவர் கெஜட்டட் அதிகாரி அல்ல" என்று பிரிவு எழுத்தர் குறிப்பு எழுதினார். நான் விதியைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சில நாள் கழித்து, ஐம்பதை நெருங்கும் ஒருவர் சீருடையில் என் அறைக்கு வந்தார். தோளில் இரண்டு நட்சத்திரம். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்று நாற்காலி காட்டினேன். "நான்தான் அந்த சுபேதார்" என்றார். அடுத்த நிமிஷம் என் குரலே மாறிவிட்டது. உட்காரச் சொன்ன வாயால் "சட்டம் அப்படி, நான் என்ன செய்ய முடியும்?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சாஹப், என்னுடைய கமிஷனும் ராஷ்டிரபதி கொடுத்ததுதான். ஒருமுறை விதியைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, விறைப்பாக நின்று வணங்கிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துத்தான் விசாரித்தேன். அவர் சொன்னது சரி. சுபேதார் என்பவர் இரண்டாம் நிலை கெஜட்டட் அதிகாரி. அவர் கையெழுத்து செல்லும். கோப்பில் திருத்தக் குறிப்பு எழுதினேன். அதற்குள் தேர்வுக்கான பட்டியல் போய்விட்டது. அந்தப் பையனுக்கு என் குறிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சுபேதாருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டேன். அவருடைய யூனிட் வேறு ஊருக்கு மாறிவிட்டதால் அது என்னிடமே திரும்பி வந்தது.

சரி, இந்த சுபேதார்கள் யார்? ராணுவத்தில் சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒரு வரிசை. லெப்டினென்ட், கேப்டன், மேஜர் என்று மேலே ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் ஜூனியர் கமிஷன்ட் ஆபீஸர்கள், சுருக்கமாக ஜே.சி.ஓ.க்கள். நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று இவர்களில் மூன்று படி. கவசப் படையில் சுபேதார் என்பதற்குப் பதில் ரிசல்தார் என்பார்கள். கடற்படையிலும் விமானப்படையிலும் இதற்குச் சமமான பதவிகள் வேறு பெயர்களில் உண்டு.

நாயிப் சுபேதாருக்கு ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்கு அசோகச் சின்னம். லெப்டினென்டுக்கும் இரண்டு நட்சத்திரம்தான். ஆனால் ஜே.சி.ஓ.வின் தோளில் கூடவே சிவப்பு, மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அன்று எனக்கு அந்தப் பட்டை கண்ணில் படவில்லை.

பெயரில்தான் 'ஜூனியர்'. பெரும்பாலோர் சிப்பாயாகச் சேர்ந்து இருபது வருஷத்துக்குக் குறையாமல் உழைத்து இந்த நிலைக்கு வருகிறார்கள். முப்பது பேர் அளவிலான பிளாட்டூன் பெரும்பாலும் இவர்கள் பொறுப்பில் இருக்கும். அகாடமியிலிருந்து நேராக வரும் 22 வயது லெப்டினென்ட், பதவியில் இவர்களுக்கு மேலே. ஆனாலும் அவர் இவர்களை 'சாஹப்' என்று மரியாதையாகத்தான் அழைப்பார். பட்டாலியனுக்கு ஒரே ஒரு சுபேதார் மேஜர். ஜவான்களின் மனநிலை என்ன, குடும்பக் கஷ்டம் என்ன என்பதைக் கமாண்டிங் ஆபீஸர் இவரிடம்தான் கேட்டறிவார்.

நான் ரசாயனம் படித்தவன், அந்த வழியிலேயே சொல்கிறேன். எண்ணெயும் தண்ணீரும் தாமாகக் கலக்காது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். ஜே.சி.ஓ.வும் அப்படித்தான். ஜவானோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர், அதிகாரியின் உத்தரவையும் புரிந்துகொள்பவர்.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்தது. அன்று இவர்களுக்கு வைஸ்ராய்ஸ் கமிஷன்ட் ஆபீஸர்கள் என்று பெயர். நம் சிப்பாய்களின் பாஷையும் பழக்கவழக்கமும் தெரியாத வெள்ளை அதிகாரிகளுக்கு இவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனாலும் எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும், நேற்று வந்த வெள்ளைக்கார இளைஞனுக்குக் கீழேதான். 1941-ல் எரித்ரியாவின் கெரன் போரில் சுபேதார் ரிச்பால் ராமும், 1944-ல் இம்பாலில் ஜமேதார் அப்துல் ஹஃபீஸும் உயிர் கொடுத்து விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். ஜமேதார் என்ற அந்தப் பதவிதான் பின்னாளில் நாயிப் சுபேதார் ஆயிற்று.

சுதந்திர இந்தியாவில் சுபேதார் ஜோகிந்தர் சிங்கை மறக்க முடியாது. 1962 அக்டோபர் 23 அன்று, இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் பும் லா அருகே, சிறிய பிளாட்டூனை வைத்துக்கொண்டு அலை அலையாக வந்த சீனர்களை எதிர்த்தார். தொடையில் குண்டு பாய்ந்தும் பின்வாங்க மறுத்தார். தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். காயத்தோடு பிடிபட்டு, சீனர்களின் காவலிலேயே உயிர் நீத்தார். பரம் வீர் சக்ரா அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 1987 ஜூனில் சியாச்சினில், சுமார் 21,000 அடி உயரத்தில், பனிச்சுவர் ஏறி எதிரியின் காவல்நிலையைப் பிடித்த பானா சிங்கும் அப்போது நாயிப் சுபேதார். அந்த இடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. ராணுவத்தில் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் முதலான மதகுருக்கள் நேரடியாக நாயிப் சுபேதாராகவே எடுக்கப்படுகிறார்கள். பட்டப்படிப்போடு சமஸ்கிருதமும் கர்மகாண்டமும் கற்ற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டிய உத்தியோகம் இது.

குறைகளும் உண்டு. 2011-ல் ராணுவத் தலைமையகத்திலிருந்தே வந்த ஒரு குறிப்பு, இவர்கள் கெஜட்டட் அதிகாரிகள் அல்ல என்றது. ஏழு வருஷம் கழித்து 2018-ல்தான் அது திருத்தப்பட்டது. நான் பத்து நாளில் தெரிந்துகொண்டதற்கு இவ்வளவு காலம்! ஏழாவது சம்பளக் கமிஷன், ராணுவ சேவை ஊதியமாக அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய் என்றும், ஜே.சி.ஓ.வுக்கும் ஜவானுக்கும் ஒரேயடியாக 5,200 ரூபாய் என்றும் வைத்தது. ஜே.சி.ஓ.க்களுக்கு அதை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையை 2018 டிசம்பரில் நிதி அமைச்சகம் ஏற்கவில்லை. சர்க்காரின் நிதி நிலைமையை அறிந்தவன் என்றாலும், பட்டாளத்தில் முப்பது வருஷ அனுபவத்துக்கும் மூன்று வருஷ அனுபவத்துக்கும் ஒரே தொகை என்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

ஐம்பது வயதையொட்டி ஓய்வு பெறும் இவர்களில் பலர் வங்கி வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலிலும் காவல் வேலை பார்க்கிறார்கள். உங்கள் வாசலில் இருப்பவர் எந்த ரெஜிமென்ட், என்ன பதவியில் இருந்தார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். சுபேதார் என்றால் 'சுபேதார் சாஹப்' என்றே அழையுங்கள். நான் தினமும் காலையில் எங்கள் குடியிருப்பு வாசலில் அப்படித்தான் அழைக்கிறேன். ஜபல்பூர் சுபேதாருக்குப் போட்ட கடிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

 ஜெய் ஹிந்த்!