கை உடையாமல் கம்பு பழகலாம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்துல கம்பு பழகலாமான்னு கேட்டதுக்கு, "விரல் உடைஞ்சா நாளைக்கு வேலைக்கு யார் போறது?" என்று கேட்டீங்க. நியாயமான கேள்வி. பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே பயம் இருந்தது.

அங்கே கம்புச் சண்டைக்கு அர்னிஸ்னு பேரு. 2009-ல் சட்டம் போட்டு தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தார்கள். ஒன்றரை முழப் பிரம்புதான் ஆயுதம். முதல் நாளே கையில் கொடுத்திடுவாங்க. வெறுங்கைப் பாடம் அப்புறம்தான். இரண்டு கம்பையும் மாற்றி மாற்றி வீசுறதுக்கு சினவாலின்னு பேரு. மூங்கில் தட்டி பின்னுற மாதிரி இருக்கும். தட்டி பின்னின கைக்கு இது சுலபமா வரும்னு நினைக்கிறேன்.

முக்கியப் பாடம், ஆயுதம் பிடித்த கையை அடிப்பது. பாம்பின் பல்லைப் பிடுங்குறதுன்னு சொல்வாங்க. ஆயுதம் கீழே விழுந்தா எவ்வளவு பலசாலிக்கும் பாதி பலம் போச்சு.

ஆனா அந்தக் காலத்தில் பழகும்போதும் கையிலேயே அடிச்சாங்க. விரல் வீங்கிப் பலர் நின்னுட்டாங்க. ரெமி ப்ரெசாஸ் என்ற ஆசான் இதை மாற்றினார். பழகும்போது கம்பு கம்பில்தான் பட வேண்டும் என்றார். அதன்பிறகு துணிந்து வந்தார்கள். இப்போ பல ஆசான்களின் மாணவர்கள் ஓரிடத்தில் கூடி, ஜோடி மாற்றிப் பழகுறாங்க. முதலில் வணக்கம் வைக்கணும். புது ஜோடின்னா மெதுவாத்தான் வீசணும்.