தகடு சொல்லும் சாட்சி

(ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

   

மத்ரஸாவில் கிதாபு ஓதியவனாகிய நான் பொறியியலைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் பணியாற்றுகின்றார். புதிதாகக் கட்டப்பட்ட மின் நிலையத்தின் டர்பைன்களைச் சோதித்து, முதன்முதலாக இயக்கி ஒப்படைப்பது அவருடைய வேலை. இதைக் கமிஷனிங் என்கின்றார்கள். அவர் விடுமுறையில் வந்திருந்தபோது, இஷாவுக்குப் பின் பள்ளியின் தாழ்வாரத்தில் அமர்ந்து எனக்கு விளக்கியதையே உங்கள் முன் வைக்கின்றேன்.

இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இத்தகைய நிலையங்களில் அழுத்தப்பட்ட காற்றோடு இயற்கை எரிவாயுவைச் சேர்த்து எரிக்கின்றார்கள். அந்த வெப்ப வாயுவின் விசையால் முதல் டர்பைன் சுழல்கிறது. வெளியேறும் வாயுவில் 500 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் எஞ்சியிருக்கும். அதை வீணாக்காமல் கொதிகலனுக்குள் செலுத்தி, நீராவி உண்டாக்கி, இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகின்றார்கள். மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறே கிடைக்கிறது.

பெரிய டர்பைன்கள் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்பவை. பல டன் எடையுள்ள தண்டு, பேரிங்கின் உலோகத்தைத் தொடாமல், தலைமுடிப் பருமனுக்குள் அடங்கும் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கிறது. ஆகவே அந்த எண்ணெயை நாட்கணக்கில் ஓடவிட்டு வடிகட்டிய பின்னரே தண்டை அசைக்கின்றார்கள்.

நீராவிக் குழாய்களுக்கு இதனினும் கடினமான சோதனை உண்டு. புதிய குழாய்களுக்குள் வெல்டிங் துகள்களும் துருவும் ஒட்டியிருக்கும். அவை பாய்ந்து சென்றால் டர்பைனின் இறகுகள் சேதமடையும். எனவே குழாயை டர்பைனோடு இணைக்காமல் வெளியே திருப்பி, நீராவியைப் பெரும் வேகத்தில் மீண்டும் மீண்டும் ஊதுகின்றார்கள். அதன் பாதையில் மெருகேற்றிய உலோகத் தகடு ஒன்றைப் பொருத்துகின்றார்கள். துகள் ஒவ்வொன்றும் அதில் வடுவாகப் பதியும். வடுக்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் அடங்கினால்தான் பொறியாளர் கையொப்பமிடலாம்.

ஒருமுறை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. தகட்டில் அளவுக்கு மீறிய வடுக்கள் சில இருந்தன. "இவ்வளவுதானே, எழுதிவிடு" என்றார் மேலதிகாரி. நம் இளைஞர் கையொப்பமிட மறுத்துவிட்டார். ஊதுதல் மேலும் இரண்டு நாட்கள் தொடர்ந்தது. அடுத்த பணிக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. "வருத்தமில்லையா?" என்று கேட்டேன். "ஹஜ்ரத், வருத்தம் இருந்தது. ஆனால் தகட்டில் இருப்பதை இல்லை என்று எப்படி எழுதுவேன்?" என்றார்.

அந்த டர்பைன் பழுதின்றி ஓடுகிறது. எனினும் நேராத விபத்தைக் காட்டி எவரும் பாராட்டுப் பெற முடியாது. இந்தத் தொழிலின் சோதனை அதுவே.

நேர்ந்த விபத்தும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் நகரில் கட்டப்பட்டு வந்த மின் நிலையத்தில், 2010 பிப்ரவரி 7 அன்று எரிவாயுக் குழாய்களைத் துப்புரவு செய்ய எரிவாயுவையே ஊதினார்கள். வெளியேறிய வாயு தீப்பற்றி வெடித்தது. 6 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 50 பேர் காயமுற்றனர். காற்றையோ நைட்ரஜனையோ கொண்டு அதே வேலையைச் செய்திருக்கலாம் என்பதை விசாரணை எடுத்துக்காட்டியது.

அன்பு மாணவர்களே! நாளை நீங்களும் ஏதேனும் ஒரு தாளில் கையொப்பமிடுவீர்கள். அதை நம்பி, உங்களை அறியாத ஒரு தொழிலாளி அந்த இயந்திரத்தின் அருகே நிற்பான். அவனுடைய உயிர் உங்கள் கையிலுள்ள அமானிதம். தகட்டைக் கூர்ந்து பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். அதற்கு ஓர் இழப்பு நேருமாயினும் தாங்கிக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்கள் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.