வரைபடத்தில் காணாமற்போன ஆறு

(நெட்டுக்குப்பத்தில் நடைபெற்ற உள்ளூர்ச் சரித்திர வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தப் பாயின் மீது சில பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் பரப்பி வைத்திருக்கிறோம். மூன்றாவதாக ஒரு சாட்சியம் இருக்கிறது. அதைப் பாயில் பரப்ப முடியாது. அது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களின் நெஞ்சில் இருக்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய வகுப்பு.

"குப்பத்துக்கு ஏதய்யா சரித்திரம்?" என்று நம்மிடம் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் மீது குற்றமில்லை. சரித்திரம் என்றால் ராஜாக்களும் கோட்டைகளும்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நமக்குச் சரித்திரம் கிடையாது என்று நாமே ஒப்புக்கொண்டால், "இங்கே குப்பமும் கிடையாது, ஆறும் கிடையாது" என்று நாளைக்கு ஒருவன் எழுதி வைப்பான். அப்படியே எழுதியும் வைத்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

படம் யாருக்காக?

நிலத்தை அளந்து படம் போடும் வித்தை இந்தியாவில் வேரூன்றிய இடங்களில் நமது சென்னை முக்கியமானது. கிழக்கிந்தியக் கம்பெனி 1794-ம் ஆண்டில் இங்கே ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கிற்று. 1802-ம் ஆண்டில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய சர்வேக்கு அந்தக் கோடுதான் ஆதாரமாயிற்று.

எதற்காக அளந்தார்கள்? பட்டாளம் நடப்பதற்கு வழி தெரிய வேண்டும்; எந்த நிலத்தில் எவ்வளவு வரி வாங்கலாம் என்று தெரிய வேண்டும். ஆகவே வரி கொடுக்கும் வயலுக்கு நம்பர் கிடைத்தது. வரி வராத நிலம் "புறம்போக்கு" என்ற தலைப்பின் கீழ் போயிற்று. வலை காய்கிற மணல், கட்டுமரம் ஏற்றி வைக்கிற கரை, நண்டு பிடிக்கிற சேறு எல்லாம் அதற்குள் அடக்கம். ஊருக்கெல்லாம் பொதுவான நிலம், எழுதுகிறவன் கணக்கில் யாருக்கும் இல்லாத நிலமாயிற்று. இந்தப் பழைய கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

கால்வாயின் கோடு

இதோ, வடக்கு தெற்காக ஓடும் இந்தக் கோட்டைப் பாருங்கள். இன்று பக்கிங்ஹாம் கால்வாய் என்கிறோம். இதன் முதல் பகுதி சென்னையிலிருந்து நமது எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரம். 1806-ம் ஆண்டில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி வெட்டி முடித்தது. அதற்கு முந்திய ஆண்டுதான், 1805-ல், சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனி சர்க்காரின் ஏகபோகமாயிற்று. இந்தப் பக்கத்து உப்பளங்களின் உப்பும் வடக்கேயிருந்து விறகும் தோணிகளில் பட்டணத்துக்குப் போன பாதை இது.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் மாண்டார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை நிவாரண வேலையாக வெட்டினார்கள். 1877-ல் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 1 ராத்தல் தானியமும் 1 அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். எலும்பும் தோலுமாக இருந்தவன் மண் வெட்டிச் சுமப்பதற்குக் கூலி, அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம்! கால்வாய்க்கோ அன்றைய கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர். வெட்டியவர்களில் ஒருவர் பெயராவது படத்தில் இருக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கிடைக்காது.

பெயரில்லாத முகங்கள்

புகைப்படத்தின் கதையும் இதுதான். அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, பட்டினியால் வற்றிப்போன குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். உலகம் முழுவதும் அந்தப் படங்கள் சுற்றின. எடுத்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. உட்கார்ந்தவர்கள் யார்?

இந்தக் கடற்கரைப் படங்களைப் பாருங்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் பேரலைகளுக்கு நடுவே கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும்தான். அவர்கள் துடுப்புப் போடாவிட்டால் கம்பெனியின் ஒரு மூட்டை கரை ஏறியிராது. அப்படங்களின் அடியில் "கட்டுமரம்", "படகோட்டிகள்" என்று எழுதியிருக்கும். ஆளின் பெயர் இராது.

எண்ணூருக்கு வேறொரு வகைச் சரித்திரமும் எழுதியிருக்கிறார்கள். துரைமார்கள் விடுமுறைக்கு வந்து தங்கி, பாய்மரப் படகு விட்டு, காற்று வாங்கிய இடம் என்று. உண்மைதான். ஆனால் அந்தத் துரைமார்களுக்கு மீன் கொடுத்தவர்கள், பங்களா கட்டியவர்கள் எங்கே என்று கேட்பதுதான் நமது சரித்திரம்.

இப்படிக் கேட்கத் தைரியம் கொடுத்தவர் மீனவர் குலத்தில் 1860-ம் ஆண்டில் பிறந்த நம் சிங்காரவேலர். 1923-ம் ஆண்டு மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவில் மே தினம் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது அன்றுதான். மீனவர்கள் வலை இழுக்கும் மணலே நமது நாட்டு மே தினத்தின் முதல் மேடை என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.

மணல் எங்கே போயிற்று?

1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி நமது கடலில் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரத்திலிருந்து நம் பக்கம் வரையில் மணல் வரத்துக் குறைந்து, கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் இது கண்ணுக்குத் தெரியும். நமது கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கற்களுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. "கடல் கோபித்துக்கொண்டது" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கடல் கோபிக்கவில்லை, தோழர்களே. ஒரு பக்கம் கட்டிய சுவருக்கு மறுபக்கம் இருந்தவன் விலை கொடுத்தான்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது

எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது 1970-ல். அப்போது நாங்கள் அரை நிஜார் போட்ட பையன்கள். அதற்கு முந்திய ஆறு எங்களுக்கு நினைவிருக்கிறது. முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்றால் கால்விரல் தெரியும். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே ஏறும்போது மடவை துள்ளும். வற்றத்தில் பெண்களும் சிறுவர்களும் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவுவோம். கரை மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மேற்கே உப்பளங்களில் அம்பாரம் அம்பாரமாக உப்பு வெள்ளையாக மின்னும்.

இவை வெறும் ஏக்கப் பேச்சல்ல. இவற்றைச் சாட்சியமாக எழுதிக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் எந்த மீன், எந்த இடத்தில் ஊற்று என்று கேட்டு எழுத வேண்டும். ஒருவர் நினைவு தவறலாம். ஆகவே மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டு, பழைய படத்தோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படித் தேறியதை எந்தக் காரியாலயத்திலும் மேஜை மீது வைக்கலாம்.

இரண்டு படங்கள்

இப்போது நாம் முதலில் சொன்ன கதைக்கு வருவோம். கடற்கரையைக் காப்பதற்காக மத்திய சர்க்கார் 1991-ல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில், எண்ணூர்க் கழிமுகத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் கட்டடமோ ஆலையோ வரக்கூடாத நீர்ப்பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது மாநில இலாகா கொடுத்த படம் வேறாக இருந்தது. அதில் அந்தக் கழிமுகமே இல்லை! ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, மீனவன் வலை போட்டுக்கொண்டிருக்கிறான், காகிதத்தில் மட்டும் ஆறு மறைந்துவிட்டது. நீர் என்று எழுதினால் ஆலை கட்ட முடியாது, நிலம் என்று எழுதினால் கட்டலாம். இந்த ரகசியம் அவ்வளவுதான்.

அது வெளியே வந்தது எப்படி? மீனவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் 1996-ம் ஆண்டின் படத்தைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒரு பழைய வரைபடம் போராட்டத்தின் ஆயுதமாயிற்று. 2023-ல் புதிய கடற்கரை மேலாண்மை வரைபடங்களின் மீது கருத்துக் கேட்டபோது, எங்கள் குப்பங்களும் மீன்பிடி இடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆகவே படம் பார்க்கத் தெரிவது இன்று வலை பின்னத் தெரிவதைப் போல அவசியமாகிவிட்டது.

ஆறா, வேலையா?

"ஆலை வந்தால்தானே வேலை வரும்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நாம் நேராகப் பதில் சொல்ல வேண்டும். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்த நாளிலிருந்து இந்த வட்டாரம் தொழிலாளரின் வட்டாரம். நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள், சங்கம் கட்டினார்கள். ஆலைத் தொழிலாளி நமக்கு விரோதி அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்தபோது, ஆறும் படகும் வலையும் கறுத்தன. மீனவர்களே தோணியில் போய்க் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். அந்த எண்ணெய் ஆலைத் தொழிலாளியின் வீட்டு வாசலிலும்தான் ஏறிற்று. கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சப்படுத்துகிறவனுக்கு அது லாபம். அந்தச் செலவை நுரையீரலாலும் பட்டினியாலும் கட்டுகிறவர்கள் தொழிலாளியும் மீனவரும். இருவரையும் மோதவிடும் பேச்சுக்கு நாம் இரையாகக் கூடாது.

நமது படம்

ஆகவே நாமே ஒரு படம் வரைவோம். படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம், ஏலம் போடும் இடம், இறால் குஞ்சு வளரும் இடம், அலையாத்திச் செடி நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் நம் வாயில் வழங்கும் பெயரையே எழுதுவோம். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தில் ஆட்களின் பெயர்களைக் கேட்டுக் குறிப்போம். இன்று பெயர் சொல்லக்கூடிய பாட்டி அடுத்த வருஷம் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

ஒரு எச்சரிக்கை. துரை வரைந்த படத்தில் நாம் விடுபட்டோம். நாம் வரையும் படத்தில் யாரை விடப் போகிறோம்? இந்த ஆற்றில் தலைமுறை தலைமுறையாகக் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். கூடை சுமந்து மீன் விற்று வீட்டைக் காப்பாற்றும் பெண்கள் இருக்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் இவர்களுடைய குரல் எவ்வளவு கேட்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களை விட்டுவிட்டு வரைந்தால் அதுவும் இன்னொரு துரையின் படமாகத்தான் இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, படகுகள் கரை ஏறியபின், இதே இடத்தில் கூடுவோம். வீட்டுப் பெட்டியில் இருக்கும் கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம், பழைய ரேஷன் கார்டு, பட்டா, ரசீது எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். பையன்களும் பெண்பிள்ளைகளும் பென்சிலோடு வாருங்கள். முகத்துவாரத்திலிருந்து தொடங்கி வரைவோம்.